பேரைக் கூப்பிட்டதும் வந்த குரல்

எண்பதுகளில் ஒரு நாள், ஆற்காடு தாண்டும்வரை, செத்துப்போன ஒருவரும் எங்களோடு வேலூர் பஸ்ஸில் வருகிறார் என்றே நம்பினேன். அவ்வளவு தைரியசாலி நான். முன்சீட்டில் நெமிலிப் பக்கத்துப் பெண்கள் இருவர். இளையவள் சொன்னாள்:

"பயிர் மானியம் யாருக்குன்னு ஊருக்கே தெரியணுமாம். கூட்டம் போட்டு சத்தமா படிச்சாங்க. எங்க வூட்டுக்காரரு பேரும் வந்துச்சுக்கா."

"அவரு போயி வருஷமாச்சேடி."

"பின்னாலேந்து 'இருக்கேன்'னு கேட்டுச்சு. அவரு கொரலேதான்."

ஏசுவைக் கும்பிட வேதக்கோயிலுக்குப் போகிற நான், சோளிங்கர் நரசிம்மரையும் துணைக்கு அழைத்தேன். பக்கத்துக் காலி இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.

"ஊர்ல இன்னா சொன்னாங்க?"

"ஒருத்தரும் திரும்பல. தலையைக் குனிஞ்சிக்கினாங்க."

"நீ?"

"பாத்தேன். என் கொழுந்தன். அண்ணன் தம்பிக்கு ஒரே கொரல். பணத்தை வாங்கிட்டுப் போய்ட்டான். நான் விதைக்கடலைக்கு எங்கக்கா போவேன்?"

"அங்கியே சொல்றதுதானே?"

"அவரு பேரை நான் வாயால சொன்னதே இல்லியே. வேலூர்ல மனு குடுக்கும்போது கலெக்டராண்ட நீதான் சொல்லணும்."

"பொண்டாட்டி சொன்னாதாண்டி எடுபடும்."

இளையவள் வேலூர் வருவதற்குள் ஜன்னல் பக்கம் திரும்பி, "முனுசாமி" என்று மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.