நேர்ந்துவிட்ட கிடாவுக்கு வைத்த பேர்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் கரிவலம்வந்தநல்லூர் பஸ் கிளம்பக் காத்திருந்தோம். எனக்கு முன்சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும்.

“சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கு எவளாவது பேரு வைப்பாளாட்டி?” என்றார் அவர்.

அந்தப் பெண் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கறவை மாட்டுக்கு வையி, உழவு மாட்டுக்கு வையி. வெட்டுத கிடாவுக்கு வைக்கக் கூடாதுன்னு உங்கம்மை சொல்லித் தரலையோ? வெள்ளிக்கிழமை கோவில் கொடை. இப்பம் வெட்டாதியன்னு அழுதா?”

“வேற கிடா குடுங்க.”

“பிள்ளை பொறந்தா இதைத் தாரேன்னுல்லா நேர்ந்தோம்.”

“பொறந்துச்சுல்லா. பேரு வைக்கதுக்கு முன்னாலயே போயிட்டுல்லா.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “அதுக்கு, அவனுக்குன்னு நினைச்ச பேரையா ஆட்டுக்கு வைப்ப?”

பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்று எனக்குத்தான் பதறியது.

“மொதமொதல்ல ஆடு மாட்டுக்குப் பேரு வச்சவன் எதுக்கு வச்சான்னு நினைக்கிய? வீட்டுல கூப்பிட ஆளில்லாமத்தான் வச்சிருப்பான்,” என்றாள் அவள். “முத்தையான்னு கூப்பிட்டா எங்கன நின்னாலும் ஓடி வருது. வெள்ளிக்கிழமையும் வரும். நான் கூப்பிட மாட்டேன். நீங்களே கூப்பிட்டு வெட்டுங்க.”