மூன்றாவது டிரெய்லர்

வெல்டிங் சரியாகப் போனால் வடை பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். பலாபத்வலப் பட்டறையில் அதைக் கேட்டுக்கொண்டே தேநீர் குடிப்போம்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன். உள்ளே மருந்து அடைத்த கம்பியைத் துடிப்பு மின்னோட்டத்தில் உருக்கும் புது மெஷின் என் பொறுப்பு. மின்னோட்டம் விநாடிக்குப் பலமுறை ஏறி இறங்கும். இறங்கும்போது ஆர்க் சுடர் அணையக்கூடாது. அணைந்தால் கசடு உள்ளே சிக்கி ஒட்டு பலமிழக்கும். மேலே ஒன்றும் தெரியாது.

மார்ச்சில் ஒரு டிராக்டர் டிரெய்லரின் இழுவைச் சட்டத்தை ஒட்டினேன். தகடு ஓட்டையாகாமலிருக்க மின்னோட்டத்தின் கீழளவை மிகவும் குறைத்தேன். மடிக்கணினி வரைபடத்தில் நிமிடத்துக்குப் பதினொரு பள்ளங்கள், ஆர்க் அணைந்த மாதிரி, விழுந்தன. கேபிள் கோளாறு என்று எழுதிவைத்தேன். ஒன்பதாம் நாள், பல்லேபொல ஏற்றத்தில், அந்த டிரெய்லர் கழன்று பின்னால் வந்த முச்சக்கர வண்டிமேல் உருண்டது. உள்ளே சுதர்ஷினி இருந்தாள். என் மனைவி.

பாரம் அதிகம் என்று டிரைவரைப் பிடித்தார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் பாரமா, என் ஒட்டா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஹாஷிம் நானாவின் டிரெய்லர் வந்தது. அதே கம்பி, அதே குறைந்த அளவு வைத்தேன்.

"தம்பி, சத்தம் விட்டு விட்டு வருது. பொரியல, வெடிக்குது," என்றார் கூட வேலை செய்யும் அழகையா.

"அளவு எடுக்கிறேன் அண்ணே."

"அளவெடுத்து யாருக்குச் சட்டை தைக்கப் போறீங்க? நிப்பாட்டுங்க."

நானா ஒட்டைத் தடவிப் பார்த்தார். "தங்க வேலை மாதிரி இருக்கே தம்பி. மிளகு மூட்டை தாங்குமா?"

"பார்ப்போம் நானா."

சிரித்தார்.

ஆறாம் நாள் கழன்றது. பாரம் பாதிதான். மூட்டைமேல் அவர் மனைவி அபீபா உட்கார்ந்திருந்தார். மையத்து வீட்டில், அவரை அடக்கத்துக்கு எடுக்கும்வரை, நானா என் கையை விடவேயில்லை. "இந்த வலி ஒங்களுக்குத்தான் தம்பி தெரியும்," என்றார்.

பாதிப் பாரத்திலேயே முறிந்ததே என்பீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அந்தப் பாதையில் குழிகள் அதிகம். இரண்டு மாதிரியை வைத்து முடிவு எழுதக்கூடாது என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். அதே அளவில் ஒட்டிய மூன்றாவது டிரெய்லர் திங்கட்கிழமை போய்விட்டது. தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுகிறது. நல்ல பாதை.

அதன் இலக்கத்தை இப்போது கேட்காதீர்கள். இன்னும் மூன்று நாள் ஓடட்டும். அது தாங்கிவிட்டால், சுதர்ஷினியைக் கொன்றது நானில்லை.