மருதம்மாள் கேட்ட மண்

எனக்குக் கீரை ரொம்பப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, இவனுக்குக் கீரையே ஆகாது போலிருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

என் பெயர் ஆர்தர். கரங்கானில் கால்வாய் மேஸ்திரி. பட்டறைத் தெருவில் மழை பெய்தால் கார் எண்ணெயும் பேட்டரிக் கடைக் கழிவும் சேர்ந்து ஓடும். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகள் இருக்கும் பக்கமாகப் போய் ஆற்றில் விழும். எழுபத்து நாலில் பரஞ்சோதி என்ற இளம் இன்ஜினியர் அதற்கு ஒரு வழி செய்தார். தெருக்கோடியில் பெரிய பாத்தி. அடியில் கல், நடுவில் மணல், மேலே மண், அதில் கல்வாழை. கறுப்பாக உள்ளே போகிற மழைத்தண்ணீர் தெளிவாக வெளியே வந்தது.

அழுக்கெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன்.

"எங்கயும் போகல, ஆர்தர். மேல்மண்ணு பிடிச்சு வெச்சுக்கும். நாலு வருசத்துக்கு ஒருக்கா அரையடி சுரண்டி, ஆளில்லாத எடத்துல ஆழமாப் பொதைச்சிடுங்க. அதுல ஈயம் இருக்கும். சின்னப் பிள்ளைங்க கையில படவே கூடாது."

அடுத்த வருஷம் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறக்கவில்லை.

எழுபத்தெட்டில் முதல் முறை சுரண்டினேன். குவியல் இடுப்பளவு வந்தது. லயத்திலிருந்து மருதம்மாள் பேசினோடு வந்து நின்றாள்.

"அண்ணே, இம்புட்டுக் கருமண்ண எங்க கொண்டு போறீங்க? எங்க கொல்லையில வெறும் செம்மண்ணு லா. ரெண்டு பேசின் குடுங்களேன்."

அதுவரை அந்த லயத்தில் எனக்கு லோங்காங்காரன் என்றுதான் பெயர். மலாய்க்காரர் லோங்காங் என்கிற சாக்கடையில் இறங்குகிறவன். கல்யாண வீட்டில்கூட எனக்குத் தனி கிளாஸ். அவள்தான் முதன்முதலாக என்னை அண்ணே என்றாள்.

கொடுத்தேன். மறுநாள் இன்னும் பதினோரு பெண்கள் வந்தார்கள். புதைக்க ஒரு கூடைகூட மிஞ்சவில்லை. என் மனைவி அக்னஸும் ரோஜாச் செடிக்குக் கேட்டாள். புழு வரும், நமக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கீரை முழங்கால் உயரம் வளர்ந்தது. நான் சைக்கிளில் போனால் பெண்கள் எழுந்து நின்றார்கள். காப்பி வந்தது, எல்லோரும் குடிக்கிற கிளாஸிலேயே. சனிக்கிழமை தவறாமல் மருதம்மாள் ஒரு கட்டுக் கீரை கொடுப்பாள். சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வேன். போகிற வழியில் பட்டறைத் தெருக் கால்வாயில் போட்டுவிடுவேன்.

எண்பத்திரண்டில் இரண்டாம் முறை சுரண்டினேன். அதற்குள் லயத்தில் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்திருந்தார்கள். மருதம்மாளின் மகள் நவமணிக்கு நாலு வயது. நாளெல்லாம் அந்தக் கொல்லை மண்ணில்தான் விளையாட்டு. ஓயாமல் பேசுகிற பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நடந்தால் தடுமாறினாள். பெண்கள் மறுபடியும் பேசினோடு வந்தார்கள். கொடுத்தேன். கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே, ஐயா.

அடுத்த வருஷம் நவமணிக்கு வலிப்பு வந்தது. நான்தான் வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் இங்கிலீஷில் பேசினார். நான் மிஷன் பள்ளியில் படித்தவன், அதனால் மருதம்மாளுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னேன். வீட்டில் பேட்டரி, ஈயம் எதுவும் புழங்குகிறதா என்பது டாக்டரின் கேள்வி.

"ஒழுங்காச் சாப்பிட்டாளான்னு கேக்குறாரும்மா" என்றேன்.

"கீரதாண்ணே. தெனமும் ஒங்க மண்ணுல வெளஞ்ச கீரதான்."

அப்படி எதுவும் இல்லையாம் என்று டாக்டரிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டாள்.

போன மாதம் பரஞ்சோதி சார் திரும்பி வந்தார். பத்து வருஷத்தில் பாத்தி எப்படி உழைத்திருக்கிறது என்று பார்க்க வந்தாராம். தண்ணீர் இன்னும் தெளிவாக வருவதைக் கண்டு என் தோளில் தட்டினார். பிறகு, பழைய மண்ணைப் புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னார். அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே.

அவரைக் கொன்றது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நவமணியை அடக்கம் செய்த எட்டாம் நாள் மருதம்மாள் வந்தாள். அதே பேசின். பிள்ளையின் குழிமேல் செவ்வந்தி வைக்க மண் வேண்டுமாம்.

"ஒங்க மண்ணுலதாண்ணே எதுவும் நல்லா வரும்."

பாத்தி மண்ணை நான் தொடவே இல்லை, ஐயா. ஆற்றின் மேல்கரை வரைக்கும் நடந்துபோய், சுத்தமான மண்ணாகப் பார்த்து வெட்டி, கல் இல்லாமல் சலித்து, பேசின் நிறையக் கொண்டுவந்து கொடுத்தேன். சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் நான் எப்போதுமே கவனமாகத்தான் இருந்திருக்கிறேன்.