அத்தானுக்கு அடுத்த கோச்

ஹலோ... ஹலோ... அக்கா, நான்தான்... டிவியில போட்டுட்டானா? ம்... ம்... உண்மைதான்க்கா. அத்தானைக் கோச் வேலையில இருந்து எடுத்துட்டாங்க... காலையிலதான். முதலாளி கூப்பிட்டாரு, அவரும் போனாரு, அசிஸ்டன்ட்டுன்னு நானும் கூடப் போனேன். டீ வர்றதுக்குள்ள பேச்சு முடிஞ்சுபோச்சு...

ஆமா... ஆமா... தோத்ததுக்குத்தான். வேற எதுக்கு?

அவரா? இங்கதான் இருக்காரு. அவரு ரூம்ல இருந்துதான் பேசறேன், கண்ணாடி வழியா தெரியுறாரு. பாஸ்கெட்பால் வளையத்துக்குக் கீழ சேர் போட்டு உக்காந்திருக்காரு... இல்ல, அழல. ஷூ லேசை அவுக்கறாரு, கட்டறாரு, மறுபடி அவுக்கறாரு... போனை எடுக்க மாட்டாருக்கா. விடு, கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

அவரு மட்டுமா? இந்த டீம்ல எந்தக் கோச் நிலைச்சான் சொல்லு. மொதல்ல நெட்டையர். கப்பு வாங்கிக் கொடுத்த மனுஷன், அவரையே ஏர்போர்ட்ல வச்சு அனுப்பினாங்க. நாங்கள்லாம் ப்ளேன் ஏறிட்டோம், அவரு பெட்டியோட கீழயே நிக்கறாரு... அப்புறம் அந்த வெளிநாட்டுக்காரரு. அவரு வாய்க்கு வந்தபடி திட்டுவாரு, மொழிபெயர்க்கற ஆளு ‘நல்லா ஆடறீங்களாம்’னு சொல்லுவான்... ஆமா, அவரேதான். சிரிக்கறியா அழறியா?... சரி, சரி... அவருக்கப்புறம் வந்த விசில்காரரு பாதி சீசன் கூடத் தாண்டல. ஒவ்வொருத்தர் போனப்பவும் ரூமை ஒழிச்சது நான்தான். இப்ப இதையும் ஒழிச்சிட்டிருக்கேன். உன் போட்டோவைத் துண்டுல சுத்தி வச்சிருக்கேன், உடையாது.

அக்கா... இன்னொண்ணு... இல்ல, வேற ஆளு தேடல... எப்பவும் போல ஆள் வர்ற வரைக்கும் பாத்துக்கோன்னுதான் சொல்லுவாங்கன்னு நெனச்சேன். இந்தத் தடவை அப்படி இல்லையாம்... ஆமா. கோச் வேலை எனக்கேதான்.

சரின்னுட்டேன்.

...

அக்கா? லைன்ல இருக்கியா?... நான் கேக்கலக்கா... நான் யார் காலையும் வாரல... இல்லக்கா, கேளு... கேளேன்! அத்தான்தான் சொன்னாரு. முதலாளி எதிர்லயே. ‘இவனுக்கே கொடுங்க, பசங்க இவன் பேச்சைத்தான் கேக்கறாங்க’ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு... சந்தோஷமா? பல் டாக்டர் ஊசி போட்டா தாடையைக் கிள்ளினாலும் தெரியாதுல்ல, அப்படி இருக்கு. எது வலிக்கணும்னே தெரியல.

சனிக்கிழமை மேட்ச் இருக்கு... தெரியாது. யாரை எறக்கறதுன்னு இன்னும் யோசிக்கல.

இரு... எந்திரிச்சிட்டாரு. இங்கதான் வர்றாரு... என்னன்னு சொல்றது?... ம், ம், சாப்பிடச் சொல்றேன்.

வாங்க அத்தான். அக்காதான், பேசறீங்களா?... வீட்டுக்கு வந்து பேசறாராம்க்கா... என்ன அத்தான் தேடறீங்க?... சாவியா?...

அக்கா, கார் சாவியைத் தேடறாரு. பாக்கெட்டைத் தட்டறாரு, மேஜையைப் பாக்கறாரு... கோச்சுக்குன்னு கிளப்பு கொடுக்கற காராச்சே, காலையிலயே வாங்கிட்டாங்க. அவருதான் எடுத்துக் கொடுத்தாரு, மறந்துட்டாரு... எங்கயா?

என் பாக்கெட்ல.

அத்தான்... இந்தாங்க. நீங்களே ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.

வைக்கறேன்க்கா.