கடல்பாசி வண்டியில் போன பெட்டி

— சுவருக்குப் பின்னாடி ஒரு பெட்டி வெச்சிருந்தேன், பிலோமினாக்கா. பஸ் ஸ்டாப் சுவர். இப்பப் பார்த்தா காணோம்.

— பழுப்புப் பெட்டிதானே, கயிறு கட்டினது? அது பத்திரமாப் போயிடுச்சு யூனா. பதறாதே கண்ணு.

— போயிடுச்சுன்னா? எங்க?

— உங்க வீட்டுக்குத்தான், வேற எங்க? மார்ட்டி டிராக்டர்ல கடல்பாசி ஏத்திக்கிட்டு வந்தான். சுவரோரமாப் பெட்டி கிடக்குன்னு தூக்கிட்டு வந்து என் கடையில வெச்சான். மூடியில உங்கம்மா பேரு இருக்கே. வானம் வேற இருட்டிக்கிட்டு வந்துச்சா, உங்கண்ணன் ஃபின்டன் கையிலயே குடுத்துடுடான்னு நான்தான் அனுப்பிவெச்சேன்.

— ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?

— என்னடி இது? அடுத்தவங்க பொருள் மழையில நனையறதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கவா? யாரா இருந்தாலும் இதைத்தான் செய்வாங்க.

— ஆமா. இந்த ஊர்ல யாரா இருந்தாலும் இதைத்தான் செய்வாங்க.

— மூஞ்சியே வெளுத்துப் போச்சே. உட்காரு, டீ போடறேன்.

— டீ வேண்டாம். டப்ளின் பஸ் போயிடலையே?

— வர்ற நேரம்தான். இன்னிக்குன்னு பார்த்து எல்லாருக்கும் அந்த பஸ்தானா?

— எல்லாருக்கும்னா?

— ஒண்ணுமில்லை, என் வாய் சும்மா இருக்காது. நீ எங்க போறே?

— பல் டாக்டர்கிட்ட.

— பெட்டி, படுக்கையோடயா? பல்லையெல்லாம் அதுல போட்டு எடுத்துட்டு வரப் போறியா?

— சிரிக்காதீங்கக்கா. லிவர்பூல் போறேன். ராத்திரிக் கப்பல். அங்க ஒரு ஆஸ்பத்திரியில துணி வெளுக்கிற வேலை, திங்கக்கிழமை போய் நிக்கணும். நிக்கலேன்னா வேற ஆளைச் சேர்த்துக்குவாங்க. கப்பல் டிக்கெட்டு அந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு.

— மாதாவே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— உங்ககிட்ட சொன்னா, சாயங்காலத்துக்குள்ள ஃபாதர் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும். போன தடவை ஞாபகம் இருக்கா? இதே இடத்துல கோட்டு போட்டுக்கிட்டு நின்னேன். பசு கன்னு போடுதுன்னு ஆள் மாத்தி ஆள் வந்து கூப்பிட்டீங்க. ஒருத்தராவது எங்கடி கிளம்பினேன்னு கேட்டீங்களா?

— உதவிக்குத்தானே கூப்பிட்டோம்.

— அதான்க்கா. யாராவது கெட்டவங்களா இருந்தா பிடிச்சுத் தள்ளிட்டுப் போயிடலாம். இங்க எல்லாரும் நல்லவங்க. எனக்கு மூச்சு முட்டுது.

— ஃபின்டன் என்ன பண்ணுவான்? அவனுக்கு ஒரு முட்டை வேக வைக்கத் தெரியாதே.

— அதைச் சொல்லித்தானே இத்தனை வருஷமும் போச்சு. அவன் நோரீனைக் கட்டிக்கிட்டா நான் நிம்மதியாப் போயிருப்பேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கடற்கரையோரமா ரெண்டு பேரும் நடக்கறாங்க, நடக்கறாங்க, நடந்துக்கிட்டே இருக்காங்க. எப்படா கல்யாணம்னு கேட்டா, பார்க்கலாம்ங்கறான். அவ தலையும் நரைச்சுப் போச்சு.

— அவனா பார்க்கலாம்னான்?

— பின்ன யாரு? ஏன்க்கா அப்படிப் பார்க்கறீங்க?

— அவனையே கேளு. அதோ, காரை விட்டு எறங்கறான். கையில உன் பெட்டி. வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஞாயித்துக்கிழமைக் கோட்டு வேற.

— யூனா.

— பெட்டியைக் குடு, ஃபின்டன்.

— கயிறு தளர்ந்திருந்துச்சு. இறுக்கிக் கட்டியிருக்கேன்.

— திட்டறதுன்னா திட்டிடு. ஆனா நான் போகத்தான் போறேன்.

— எதுக்குத் திட்டணும்? கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கலாம்.

— சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?

— சமைச்சுக்குவேன். அம்மா உயிரோட இருந்த காலத்துல, நீ நிமோனியாவுல ஆஸ்பத்திரியில கிடந்தப்போ அவங்களுக்கு யார் சமைச்சுப் போட்டதுன்னு நினைச்சே?

— அப்ப ஏன் ஒரு நாள்கூட ஒரு முட்டை...

— நீ அடுப்படியில நிக்கறப்போ நான் எப்படி உள்ள வர்றது? இந்த வீட்டுல உனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிக்கணுமான்னு இருந்துட்டேன்.

— நான் உனக்காக நின்னுக்கிட்டிருந்தேன்டா.

— நான் உனக்காகப் பசிக்குதுன்னேன்.

— அப்ப நோரீன்?

— கூடப் பொறந்தவ இருக்கற வீட்டுக்கு இன்னொருத்தியை எப்படிக் கூட்டிட்டு வர்றது? ஒரு அடுப்படிக்கு ரெண்டு பொம்பளைங்க. நம்ம பக்கத்துல எவனாவது செஞ்சிருக்கானா? பிலோமினாக்கா, நீங்களே சொல்லுங்க.

— யாரும் செஞ்சதில்லைப்பா.

— நோரீனும் அதைத்தான் கேட்டா. உன் தங்கச்சி எப்ப போவான்னு. உன்னைப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரலை யூனா. பார்க்கலாம், பார்க்கலாம்னு அவளை நிறுத்தி வெச்சிருந்தேன்.

— நீ வாயைத் திறந்து சொல்லியிருந்தா அன்னிக்கே ஓடியிருப்பேனே, மடையா. சரி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை. நான் பஸ் ஏறினதும் நேரா அவ வீட்டுக்குப் போ. போய்க் கேளு.

— அவ வீட்டுல இல்லை. லண்டன்ல அக்கா வீட்டோட போயிடறேன்னுட்டா. கோயில் ஸ்டாப்ல அவளை பஸ் ஏத்திவிட்டுட்டுத்தான் வர்றேன். பஸ் கிளம்பினப்புறம்தான் எதிர்ல மார்ட்டி வந்தான், உன் பெட்டியோட. குறுக்கு வழியில பறந்து வந்தேன்.

— எந்த பஸ்?

— இந்த பஸ்தான். ஹாரன் கேக்குதே. ஊரே பார்த்துக்கிட்டிருக்கும். பஸ்ஸை நிறுத்தி அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்?

— நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். இங்கயே நில்லு. நான் ஏறினதும் சொல்லிடறேன், அடுப்படி காலியாயிருக்குன்னு. என் கையை விடு, ஃபின்டன். மழைக் கோட்டு ஆணியில தொங்குது, நனையாதே. வர்றேன்க்கா.

— போயிட்டு வா கண்ணு.

— பிலோமினாக்கா, நீங்க பார்த்துச் சொல்லுங்க. எனக்குத் தலையைத் தூக்கப் பயமா இருக்கு.

— யூனா ஏறிட்டா. நோரீன் ரெண்டாவது சீட்டுல. யூனா குனிஞ்சு சொல்றா. நோரீன் இந்தப் பக்கம் திரும்பி உன்னைத்தான் பார்க்கறா.

— அப்புறம்?

— எழுந்திருச்சுட்டா, ஃபின்டன்.

— எறங்கறாளா?

— இல்லப்பா. யூனா கையில இருந்த பெட்டியை வாங்கி மேல வெச்சுட்டு, தள்ளி உட்கார்ந்து, ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுக் குடுத்துட்டா.