அத்தானுக்குப் பக்கத்து இடம்

— அங்கி அத்தனையும் ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி வேணும்னா வேணும்தான், அக்கா. பேராயரே வர்றாரு. பாடகர் குழு பழைய அங்கியில நின்னா நல்லாவா இருக்கும்?

— பழைய அங்கின்னா தொண்டை அடைச்சுக்குமோ? உக்காரு. அந்த முக்காலி வேணாம், குண்டூசி கிடக்கு. கழுத்துப்பட்டி மட்டும்தான் பாக்கி. இவ ஓரம் மடிச்சு முடிச்சுட்டான்னா இஸ்திரி போட்டுத் தூக்கிட்டுப் போயிரு. தங்கச்சி, இவன்தான் என் தம்பி. சபைக்குச் செயலாளர். நீ எழுந்திருக்காதம்மா, அவ்வளவு பெரிய ஆளெல்லாம் இல்ல.

— வணக்கம்மா. அக்கா, இவங்கதானே அந்த...

— ஆமா, அந்த. சபையில இவளுக்கு அதானே பேரு. அந்தப் பொம்பளை, அந்தக் குடும்பம், அந்தப் பிரச்சினை.

— அதில்லக்கா. நான் சொல்ல வர்றது என்னன்னா, அங்கி ஒரு சாக்குதான். இவங்க விஷயமாத்தான் வந்தேன். இவங்க முன்னாடி பேசலாமா?

— தாராளமா. நம்ம பேச்சு இவளுக்குப் பாதி புரியும். சண்டைன்னா முழுசும் புரியும்.

— மகள் பிரசவத்துக்குப் போயிட்டு முந்தாநாள்தான் வந்து இறங்கினேன். ஆளுக்கொரு கதை சொல்றாங்க. தலைவர் சொல்றது ஒண்ணு, பாஸ்டர் சொல்றது ஒண்ணு. பால்காரன் என்னை நிறுத்தி வச்சு, உங்கக்கா யாரோ ஒரு வெளியூர்க் கிழவரை உங்க அத்தானுக்குப் பக்கத்துல புதைச்சுட்டாங்களேங்கிறான். நீயே சொல்லு, என்னதான் நடந்துச்சு?

— யாரோ ஒரு கிழவர் இல்ல, இவ அப்பா. நீ ஊருக்குப் போறப்ப அவங்க எங்க இருந்தாங்க?

— சபை மண்டபத்துப் பின்னறையில. நான்தானே டீச்சரம்மா கையில சாவியைக் குடுத்துட்டுப் பஸ் ஏறினேன். ஊரே எரிஞ்சுபோச்சு, எல்லை தாண்டி வந்திருக்காங்க, நம்ம ஆண்டவரைக் கும்பிடுறவங்கன்னு சொன்னப்ப, தலைவரே எழுந்து நின்னு கண்ணு கலங்கினாரே.

— கலங்கினாரு. மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கிறவருக்குக் கண்ணீருக்கா பஞ்சம். டீச்சரம்மா வரவேற்புக் குழுன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. வாசல்ல இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு துணி கட்டினாங்க, அந்நியரே உள்ளே வாருங்கள்னு. அந்தத் துணியை இந்த மெஷின்ல ஓரம் தச்சுக் குடுத்த பாவி நான்தான். சரி, நீ பஸ் ஏறின மறுவாரம் என்ன நடந்துச்சு தெரியுமா? இளைஞர் சங்கத்துக்கு டேபிள் டென்னிஸ் மேசை வந்திருச்சு.

— அதுக்கும் இதுக்கும் என்னக்கா?

— மேசை போட இடம் வேணாமா? இருக்கிறது ஒரே பின்னறை. டீச்சரம்மா நேர்ல போயி இவகிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னாங்களாம், உங்களுக்கு இதைவிட நல்ல இடம் ஆண்டவர் வச்சிருக்காருன்னு. ஆண்டவர் வச்சிருந்தது எங்க தெரியுமா? என் வீட்டுக் கொல்லையறை. பழைய மெஷினையும் துணி மூட்டையையும் இழுத்து வெளிய போட்டுட்டு ரெண்டு கட்டிலைப் போட்டேன். இவளுக்குக் கையில தையல் இருக்கு, எனக்குக் கண்ணுல பார்வை குறையுது. கணக்குச் சரியாப் போச்சு.

— மண்டபத்தை விட்டு அனுப்பினாங்கன்னு என்கிட்ட யாருமே சொல்லல.

— யாரு சொல்லுவா? ஆனா வாராவாரம் ஆராதனையில அறிமுகம் மட்டும் நிக்கல. நம்ம அன்பு விருந்தாளிகள் எழுந்து நிக்கவும்னு டீச்சரம்மா சொல்லுவாங்க. இவளும் அப்பாவும் எழுந்து நிப்பாங்க. எல்லாரும் கை தட்டுவாங்க. தட்டி முடிச்சதும் விருந்தாளி கடைசி பெஞ்சுல போயி உக்காரணும், தூணுக்குப் பின்னாடி. பொண்ணு பாக்க வந்தவங்க பொண்ணை வாராவாரம் கூப்பிட்டுப் பாத்துட்டு, கட்டிக்காமலே காப்பி குடிச்சுட்டுப் போனா எப்படி இருக்கும், அப்படி.

— ஏதோ ஆர்வத்துல செஞ்சிருப்பாங்கக்கா. கெட்ட எண்ணம் இருக்காது.

— எண்ணம் நல்ல எண்ணம்தான்டா. நம்ம சபையில எண்ணத்துக்கு என்னிக்குக் குறை இருந்துச்சு? அந்தப் பெரியவருக்கு நம்ம பாஷை ஒரு சொல்லு தெரியாது. ஆனா பாட்டு ராகம் தெரிஞ்சிருக்கு. அதே ராகத்துக்கு அவங்க பாஷையிலயும் பாட்டு இருக்கு போல. தூணுக்குப் பின்னாடி நின்னு, தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு, அடிவயித்துலருந்து பாடுவாரு. ஒரு அரைத் தாளம் பின்னாடி வரும், அவ்வளவுதான். எனக்கு மயிர் கூச்செறியும். பாடகர் குழுவுக்கு மட்டும் சுருதி கெட்டுப்போச்சாம்.

— ம்.

— ஒரு நாள் தலைவர் நடுப்பாட்டுல எழுந்து வந்து, அவர் முன்னாடி நின்னு, வாயில விரலை வச்சுக் காட்டினாரு. அவருக்கு என்ன தெரியும்? ஜெபம் ஆரம்பிச்சிருச்சுன்னு நினைச்சுக் கண்ணை மூடித் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு, மனுஷன் குனிஞ்சே நிக்கிறாரு. ரெண்டு மூணு பேரு சிரிச்சாங்க. அப்புறம் இவதான் காதுல சொல்லியிருக்கா. அன்னியிலருந்து உதடு மட்டும் அசையும், சத்தம் வராது.

— கேக்கவே கஷ்டமா இருக்குக்கா.

— இதுக்கேயா? இன்னும் சாவுக்கு வரலையே. ஒரு நாள் காலையில டீ குடிச்ச டம்ளரைக் கழுவிக் கவுத்து வச்சுட்டு, கட்டில்ல சாஞ்சாரு. அவ்வளவுதான். இவ போயி எழுப்பினா எழுந்திருக்கல. தூக்கிட்டு வந்து இதோ இந்த வெட்டுமேசையிலதான் கிடத்தினோம். கையை ஏன்டா எடுக்கிற? நல்லாத் துடைச்சாச்சு. உங்க அங்கியை அதுமேல வச்சுத்தான் வெட்டியிருக்கேன்.

— நான் சும்மாதான் எடுத்தேன். சபையில சொன்னியா?

— ஓடினேன். பாஸ்டர் முதல்ல ஐயோ பாவம்னாரு, அப்புறம் நிர்வாகக் குழுவைக் கேக்கணும்னாரு. குழு கூடுச்சு. உன் நாற்காலி காலி. தலைவர் பேசினாரு பாரு, தேனா ஒழுகுச்சு. எங்களுக்கு மனசு இருக்கு, சட்டம் இடம் தரல, சபைக் கல்லறைத் தோட்டம் உறுப்பினருக்கு மட்டும்தான். உறுப்பினர் ஆகணும்னா பழைய சபையிலருந்து சான்று வரணும்னாரு. பழைய சபை சாம்பலாக் கிடக்கு, ஒரு பிடி அள்ளிப் பொட்டலம் கட்டி அனுப்பச் சொல்லவா, அதுல முத்திரை குத்துவீங்களான்னு கேட்டேன்.

— அப்படியே கேட்டியா?

— வேற எப்படிக் கேக்கணும், பாடியா? டீச்சரம்மா நடுவுல புகுந்து, நகராட்சி மயானம் இருக்கே, அங்க நல்ல காத்து வரும்னாங்க. செத்தவருக்குக் காத்து. உயிரோட இருந்தப்ப தூணுக்குப் பின்னாடி, ஒரு மின்விசிறி கிடையாது.

— நான் இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்.

— நீ இருந்திருந்தா, நான் சொல்ல வர்றது என்னன்னான்னு ஆரம்பிச்சிருப்ப. அதுக்குள்ள கூட்டம் முடிஞ்சிருக்கும். அப்பதான் எனக்கு உங்க அத்தான் ஞாபகம் வந்துச்சு. அவர் போனப்பவே பக்கத்து இடத்தை எனக்குன்னு வாங்கிப் போட்டோம்ல. எழுந்து நின்னு சொன்னேன்: அந்த இடம் என்னுது. அதுல நான் படுக்கலாம்னா, எனக்குப் பதிலா யாரு படுக்கிறதுன்னு நான் சொல்லுவேன். தலைவர் சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாரு. சட்டத்துல அதுக்குப் பதில் இல்ல போல. கடைசியில டீச்சரம்மாதான் கேட்டாங்க, அப்ப உங்களுக்கு நேரம் வரும்போது எங்க போவீங்கன்னு. எனக்கும் நல்ல காத்து வேணும்னேன்.

— அடக்க ஆராதனையாவது பாஸ்டர் செஞ்சாரா?

— அன்னிக்கு அவருக்குக் காய்ச்சல். நம்ம பாஸ்டருக்குக் காய்ச்சல் உடம்பைப் பாத்தா வருது? குழுவோட முடிவைப் பாத்துல்ல வரும். குழி வெட்டினவங்க ரெண்டு பேரு, பால்காரன், இவ, நான். எனக்குத் தெரிஞ்சதை ஜெபம் பண்ணினேன். இவ பாடினா, அவங்க பாஷையில. கல்லறைத் தோட்டத்துச் சுவத்துக்கு அந்தப் பக்கம் நம்ம சபை ஆளுங்க தலை வரிசையாத் தெரிஞ்சுது, வேடிக்கை பாக்க. ஒருத்தன் உள்ள வரல. அன்னிக்குச் சொன்னேன், இனி அந்த வாசப்படியை மிதிக்கமாட்டேன்னு. இன்னிவரைக்கும் மிதிக்கல.

— அதுசரிக்கா, ஆனா வெளிய என்ன பேசுறாங்க தெரியுமா? புருஷனுக்குப் பக்கத்துல போயி ஒரு வேத்து ஆம்பளையைப் படுக்க வச்சுட்டாளேன்னு...

— பேசட்டும். உங்க அத்தான் உயிரோட இருந்தப்ப பக்கத்துல எவனையும் பேச விட்டதில்ல. இப்பதான் பாஷை தெரியாத ஆளு துணைக்குக் கிடைச்சிருக்காரு. ரெண்டு பேருக்கும் நிம்மதி. நீ வந்த காரியத்தைச் சொல்லு. முழுங்கி முழுங்கிப் பேசுறப்பவே தெரியுது, ஏதோ நாறுற விஷயம்.

— நாறுற விஷயமெல்லாம் இல்ல. பேராயர் எதுக்கு வர்றாருன்னா, அந்நியரை ஏத்துக்கிட்ட சபைங்களைப் பாராட்டுறதுக்காக. நம்ம சபை பேரையும் தலைவர் குடுத்திருக்காரு.

— பலே.

— இப்ப அவரு வந்து, எங்க உங்க விருந்தாளிங்கன்னு கேட்டா காட்டுறதுக்கு ஆள் வேணும்ல? இவங்க முன்வரிசையில உக்காந்து, பூச்செண்டு குடுத்தாப் போதும். ஆராதனை முடிஞ்சு கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு நடை போவாங்க. பெரியவருக்கு ஒரு பளிங்குக் கல் வைக்கலாம்னு குழுவுல முடிவு. சபையின் அன்பளிப்புன்னு பொறிச்சு.

— என்னது?

— இப்ப அங்க வெறும் மரச்சிலுவைதானேக்கா இருக்கு. பேராயர் பாத்தா என்ன நினைப்பாரு?

— டேய். ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தானே ஒருத்தன், அவன் வாங்கின கூலியைத் திருப்பி எறிஞ்சுட்டுப் போயிட்டான். அந்தப் பணத்தைப் பொறுக்கின கோயில் ஆசாரியருங்க என்ன பண்ணினாங்க? குயவன் நிலத்தை வாங்கி, அந்நியரைப் புதைக்கிறதுக்குன்னு விட்டாங்க. ரத்தக்கறை படிஞ்ச காசுல செஞ்சாங்க, ஆனா செஞ்சாங்க. உங்க குழுவுக்கு அந்த ஆசாரியருங்க அளவுக்குக்கூட யோக்கியதை இல்லடா. என் இடத்துல, என் புருஷன் பக்கத்துல, நான் கிடத்தின மனுஷன்மேல உங்க பேரைப் பொறிக்க வர்றீங்க. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு ஆச்சு.

— நீ பேசுறது அத்தனையும் நியாயம்கா. நான் இல்லைன்னா சொன்னேன்? ஆனா ஒண்ணு யோசி. இவங்க இந்த ஊர்ல தங்குறதுக்கு இன்னும் ஒரு அனுமதியும் இல்லாம இருக்காங்க. எந்த நேரமும் திருப்பி அனுப்பலாம். பேராயருக்கு மேலிடத்துல ஆள் தெரியும். அவரு ஒரு வார்த்தை சொன்னா இவங்க நிரந்தரமா இங்க தங்க வழி பிறக்கும். நான் அதுக்காகத்தான் வந்தேன். தலைவருக்காக இல்ல.

— ஓ. அப்ப பூச்செண்டுக்கு விலை அதுவா.

— விலைன்னு ஏன் சொல்ற? வேற வழி இருந்தா நீ சொல்லேன்.

— என்கிட்ட வழி இல்ல. வழி இல்லைன்னா வாலை ஆட்டணுமா? இவ வரமாட்டா. போயிச் சொல்லு. அவளைக் கொண்டுபோயி மறுபடியும் நிக்க வச்சுக் கை தட்டுறதுக்கு நான் விடமாட்டேன். அங்கியைத் தர்றேன், அதை எடுத்துட்டுப் போ. உள்ள எந்த உடம்பு இருந்தாலும் வெளிய வெள்ளையாத் தெரியும், அதுக்கு நான் பொறுப்பு.

— அக்கா. நான் பேசலாம்?

— நீ எதுக்கும்மா? நான்தான் உனக்காகப் பேசிட்டிருக்கேன்ல.

— ஆமா. நீங்க எனக்காகப் பேசுறீங்க. டீச்சரம்மா எனக்காகப் பேசுறாங்க. அண்ணாவும். எல்லாரும் நல்லாப் பேசுறீங்க. இப்ப கொஞ்சம் நான்.

— ...பேசு.

— அண்ணா, ஞாயிறு நான் வர்றேன்.

— பாத்தியாக்கா? இவங்களுக்குப் புரியுது. ரொம்ப நன்றிம்மா.

— ஏய், உனக்கு என்ன புரிஞ்சுதுன்னு சரின்னு சொல்ற?

— எல்லாம் புரிஞ்சுது. பேராயர். பூ. கல்லு. தங்குற அனுமதி. பூ நான் குடுக்கமாட்டேன், அண்ணா. கல்லு வேண்டாம். அந்த மரத்துல அப்பா பேரு நான் எழுதினது. அது போதும். அனுமதி கிடைச்சா நல்லது. கிடைக்கலன்னாலும் பூ இல்ல.

— சரிம்மா, பூ வேணாம். வந்தாலே போதும். முதல் வரிசையில உங்களுக்கு நாற்காலி போடச் சொல்றேன்.

— நாற்காலி வேண்டாம். நான் வாசல்ல நிக்கிறேன்.

— வாசல்ல எதுக்கும்மா? அங்க வரவேற்புக் குழு நிக்கும். விருந்தாளிங்க உள்ளதான் உக்காரணும்.

— நான் விருந்தாளி இல்ல, அண்ணா. அந்தச் சபை மண்ணுக்குள்ள எங்க அப்பா இருக்காரு. அப்பா இருக்கிற இடம் எங்க வீடு. ஞாயிறு காலையில வீட்டு வாசல்ல நான் நிப்பேன். பேராயர் வரட்டும், தலைவர் வரட்டும், டீச்சரம்மா வரட்டும், அன்னிக்குச் சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னவங்க எல்லாரும் வரட்டும். ஒவ்வொருத்தரையும் நான் வாங்கன்னு கூப்பிடுவேன். உங்களையும்தான், அக்கா.