தங்கைக்குச் சொன்ன எண்

செருப்பைக் கழற்ற வேண்டாம், டாக்டர். இந்தத் தரை மே மாதத்திலேயே ஜில்லென்றிருக்கும், இப்போது டிசம்பர். அந்த நாற்காலியில் உட்காருங்கள், வெயில் அங்கேதான் விழும். தங்கை தாரிணி குன்னூர் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். வந்ததும் டீ போட்டுத் தருவாள். நான் இப்போது அடுப்புப் பக்கம் அதிகம் போவதில்லை.

நீங்கள் வந்த காரணத்தை நான் கேட்கவில்லை. மருந்து ஆராய்ச்சிக்காக அவளிடம் எடுத்த ரத்தத்தைப் பற்றி அவளிடம்தான் பேசுவேன் என்று வாசலிலேயே சொல்லிவிட்டீர்கள். அதுதான் முறை. ஆனால் போனில் சொல்லக்கூடிய விஷயமென்றால் கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வந்திருக்க மாட்டீர்கள். அவள் வருவதற்குள் நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

எங்கள் அப்பா நாச்சிமுத்து இங்கே அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். முதலில் அவருக்கு நடை மாறியது. ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். "சுகந்தி, உங்கப்பா காலையிலயே ஏத்திக்கிட்டு வர்றாரு, கண்டிச்சு வை" என்று பக்கத்து வீட்டு மருதாம்பாள் அக்கா என்னிடம் சொன்னார். அப்பா வாழ்நாளில் குடித்ததில்லை. குடிகாரர் என்ற பேரோடுதான் அவர் வேலையிலிருந்து நின்றார். அதற்குப் பிறகுதான் ஒரு டாக்டர் ஹண்டிங்டன் நோய் என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். தாரிணி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தலை பின்னி விட்டது, கல்லூரியில் சேர்த்தது, அஸ்வந்தைப் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் நான்தான். எனக்கும் வரன் வந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி, வருவது நின்றுபோனது. குன்னூரில் தேயிலை ஏல ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காக இருந்தேன். அப்பாவைத் தனியாக விட முடியாமல் அதையும் விட்டேன்.

அப்பாவைப் பார்த்துக்கொள்வது எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் நிறையப் பேரைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் நீங்கள் பார்ப்பது ஆஸ்பத்திரியில். வீட்டில் தானாகத் துள்ளும் அந்தக் கைகால்கள் தூங்கும்போது மட்டும்தான் ஓயும். கட்டிலைச் சுற்றிப் பழைய மெத்தைகளைக் கட்டி வைத்திருந்தேன். ராகிக் கூழ் ஊட்டினால் பாதி என் மேல் இருக்கும். புரையேறினால் முதுகைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். என்னை ஒரு நாள் அடையாளம் தெரியும், ஒரு நாள் திருடி என்பார். எனக்குக் கோபம் வந்ததில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தாரிணி மூன்று மாதக் கர்ப்பத்தோடு அப்பாவைப் பார்க்க வந்தாள். அவர் கை அடித்துத் தட்டு பறந்து சுவரில் மோதியது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இது எனக்கும் இருந்தா, கொழந்தைக்கும் வந்துருமாக்கா?" என்று கேட்டாள்.

இரண்டு பேரும் சோதனை செய்துகொள்வது என்று முடிவெடுத்தோம். உங்களை மாதிரி உட்கார வைத்துப் பேசுகிற இடத்துக்குப் போகவில்லை. தனியார் லேப்பில் ரத்தம் கொடுத்தோம். இரண்டு பேரின் முடிவும் என் போனுக்கு வரும்படி அவளே சொல்லி எழுத வைத்தாள். "நீயே பாத்துச் சொல்லுக்கா. என்னால அதைத் தொறக்க முடியாது."

விஷயம் எளிமையானது என்று எனக்கு முன்பே தெரியும். ஒரு ஜீனில் மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எல்லோருக்கும் வரும். நாற்பது தடவை, அதற்கு மேல் போனால் நோய் வராமல் இருக்காது. அப்பாவின் பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பாதி வாய்ப்பு.

முடிவு வந்தபோது அப்பாவுக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்குப் பதினேழு. இன்னொருவருக்கு நாற்பத்துநான்கு. எனக்கு அழுகை வரவில்லை, டாக்டர். தூக்கம்தான் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தேன். இவருக்கு நான் இருக்கிறேன் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைத்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மறுநாள் தாரிணி வந்தாள். சமையலறையில் நின்றபடியே கேட்டாள்.

"மொதல்ல உன்னுதைச் சொல்லுக்கா."

"எனக்கு இல்ல சாமி."

அவள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "உனக்கு இல்லைன்னா அதே போதும்க்கா. நீ பட்டது போதும்" என்று அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தன்னுடையதைக் கேட்டாள். நான் அவள் தலையைத் தடவினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. போனைக் காட்டு என்று அவள் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

குழந்தைக்குத் தனியாகச் சோதனை செய்யலாமா என்று கேட்டாள். செய்யலாம் என்று எனக்குத் தெரியும். செய்தால் அவள் ரத்தத்தையும் மறுபடி எடுப்பார்கள் என்பதும் தெரியும். "அது முடிவு வர்றதுக்குள்ள கொழந்த அசைய ஆரம்பிச்சிரும். அப்பறம் உன்னால முடியுமா?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மீதியை அவள்தான் முடிவு செய்தாள். கலைக்கப் போனபோது ஆஸ்பத்திரிக்கு நான் துணைக்குப் போனேன், பத்தியச் சாப்பாடு சமைத்துப் போட்டேன். அந்தக் குழந்தைக்கு எதுவும் வந்திருக்காது. வர வழியே இல்லை.

அஸ்வந்த் நல்ல பையன். அவளைக் கூட்டிப்போக இரண்டு தடவை மலையேறி வந்தான். கேட்டுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டு, "ஏனுங்க்கா, அவளுக்கு என்ன வந்தாலும் நான் பாத்துக்கறேனுங்க. ஊட்டுக்கு அனுப்பி வையுங்க்கா" என்றான்.

"எங்கப்பாவ ஒரு நாள் முழுக்கப் பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க தம்பி" என்று உள்ளே கூப்பிட்டேன். சாயங்காலம் வரை இருந்தான். மூன்றாவது தடவை வரவில்லை. வேறு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி தாரிணியே அவனை விடுவித்துவிட்டாள்.

பிறகு அவள் இங்கேயே இருந்துவிட்டாள். அப்பாவின் கடைசி வருஷத்தில் பாதிக்கு மேல் பார்த்தது அவள்தான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு நான் விடிய விடியத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நீங்கள் அனுபவித்திருக்க மாட்டீர்கள்.

அவள் காலையில் எழுந்ததும் ஜன்னல் முன்னால் நின்று இரண்டு கைகளையும் நீட்டிப் பார்ப்பாள். விரல் நடுங்குகிறதா என்று. "பாருக்கா, இந்தச் சுண்டு விரல் லேசா ஆடுதில்ல?" என்பாள். குளிருக்கு ஆடுவது அது. "அப்படியெல்லாம் இல்ல, மனசைப் போட்டுக் கொழப்பிக்காதே" என்று தைரியம் சொல்வேன். தினமும் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட எரிந்து விழுந்ததில்லை.

உங்கள் ஆராய்ச்சியைப் பற்றி அவளேதான் படித்துத் தெரிந்துகொண்டாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து வாசித்துக் காட்டினாள். மூளைக்குள்ளே அந்த எழுத்துகள் வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் நீண்டுகொண்டே போகின்றனவாம். ஓர் எல்லையைத் தாண்டும் வரை செல்லுக்கு ஒன்றும் ஆகாதாம். அதற்கு முன்பே பிடித்துவிட்டால் நிறுத்தப் பார்க்கலாமாம். "எனக்கு இன்னும் நேரம் இருக்குதுக்கா" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. பெயர் கொடுக்க வேண்டாம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் என் பேச்சைக் கேட்கவில்லை.

என் கையைப் பார்க்கிறீர்கள். வந்ததிலிருந்தே பார்க்கிறீர்கள். ஆமாம், நாற்பத்துநான்கு என்னுடையது. இரண்டு எண்ணையும் பெயரோடுதான் அனுப்பியிருந்தார்கள். நான் குழம்பவில்லை, தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன். போன மழைக்காலத்திலிருந்து எனக்குக் கையில் டம்ளர் நிற்பதில்லை. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று தாரிணியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் அப்பாவைப் பார்த்தவள், நம்பினாளா என்று தெரியாது. ஆனால் தினமும் எனக்குச் ஜாக்கெட் கொக்கி மாட்டி விடுகிறாள்.

அவளை நான் கெடுத்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். கெடுக்க நினைப்பவள் அப்படி வளர்த்திருப்பாளா? அஸ்வந்த் வீட்டில் மாமியார், நாத்தனார் என்று அவளும் உழைத்துத்தான் தேய்ந்திருப்பாள். இங்கே நானாவது அவளைப் புரிந்துகொண்டேன்.

கேட் திறக்கிற சத்தம், அவள்தான். நடை எவ்வளவு நேராக இருக்கிறது பாருங்கள்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், டாக்டர். நோய் இல்லை என்று அவளிடம் தாராளமாகச் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. கூடவே, அந்த லேப்பில்தான் அப்போது மாற்றிவிட்டார்கள் என்றும் சொல்லிவிடுங்கள். யாரையும் வெறுக்காமல் அவள் இந்த வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும். அவளுக்காகத்தான் கேட்கிறேன்.